எழும்பூர் வழியே அமராவதி

குண்டூரிலிருந்து வடமேற்கே இருபது மைல் தூரம், மிளகாயும் பருத்தியும் மாறி மாறி விளையும் கரிசல் பூமியின் ஊடே பேருந்தில் சென்று, கிருஷ்ணா நதியின் தென்கரையில் இறங்கி, ஆற்றோரத்து அமரேசுவரர் ஆலயத்தை வணங்கிவிட்டுச் சிறிது தூரம் நடந்தால் ஒரு மேடு வருகிறது. மேடு என்று சொல்லுவதற்குரிய உயரமும் அதற்கு இல்லை. புல் முளைத்த வட்டமான மண்திட்டு. அதன் விளிம்பில் செங்கல் வரிசை. நான்கு திசைகளிலும் முன்னே நீண்ட மேடைகளின் சுவடு. ஆங்காங்கே நட்டுவைத்த, தலை ஒடிந்த, வெண்மையில் பசுமை கலந்த சில கற்பலகைகள். பாரத நாட்டுச் சிற்பக்கலையின் சிகரங்களில் ஒன்று என்று கலை வரலாற்று நூல்கள் ஒருமுகமாகப் போற்றும் அமராவதி மகாசைத்தியத்தைக் காணவேண்டும் என்று பல ஆண்டுகள் ஆவல் கொண்டிருந்து, முதன்முறையாக அங்குச் சென்று நின்றபோது, இடம் மாறி வந்துவிட்டேனோ என்று ஐயுற்றேன். வாயிலில் இருந்த காவலரைக் கேட்டேன். “இதேனண்டி” என்றார் அவர். இதுதான்.

விட்டம் ஏறத்தாழ 190 அடி கொண்ட அந்த வட்டத்தை ஒருமுறை சுற்றிவரச் சில நிமிஷங்களே போதும். சுற்றினேன். காலுக்குக் கீழே புல்லும் செங்கல் துண்டுகளும் இருந்தன. கண்ணுக்கு நேரே காண்பதற்கு எதுவும் இல்லை. அருகிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் மாலை தாங்கிச் செல்லும் மனிதர்களைச் செதுக்கிய உத்தரக் கற்களும், சிற்பப் பலகைகளும், முற்றத்தில் சைத்தியத்தின் சிறிய மாதிரி உரு ஒன்றும் இருந்தமையால் மனம் ஓரளவு ஆறுதல் அடைந்தது என்றாலும், இரவு ரயிலில் சென்னைக்குத் திரும்பும்போது, காணப்போனது எதுவோ அதைக் காணாமலே திரும்புகிறேன் என்னும் எண்ணம் வழிநெடுக என்னை விட்டு நீங்கவில்லை.

அந்தக் குறைக்குக் காரணம் மேடு அன்று, நான் மேற்கொண்ட வழியே என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அமராவதிக்கு யாத்திரை செல்ல விரும்புவோர், கிருஷ்ணைக் கரைக்குச் செல்லுமுன் சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையிலுள்ள அரசினர் அருங்காட்சியகத்திற்குச் சென்று அங்குள்ள கற்களின் முன்னே பொறுமையுடன் ஒரு பகற்பொழுதைக் கழிக்கவேண்டும் என்பதும், அவ்வாறு செல்பவருக்கே அந்த வெற்று மேடு வாய் திறக்கும் என்பதும் இரண்டாம் முறை சென்று வந்த பிறகு என்னுள் உறுதிப்பட்ட அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சொல்லவே இக்கட்டுரை.

அமராவதி என்னும் பெயர் பிற்காலத்தது. பழம்பெயர் தானியகடகம், அருகிலுள்ள தரணிக்கோட்டையும் அதனுள் அடங்கியது. அசோகனுடையதாகக் கருதப்படும் சாசனத் துண்டு ஒன்று இங்கே கிடைத்திருப்பதால், மௌரியர் காலத்திலேயே இங்குப் பௌத்த தர்மம் வேரூன்றிவிட்டது என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். பின்னர்ச் சாதவாகன மன்னர்களின் ஆட்சியில், சிறப்பாக கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், பழைய ஸ்தூபம் பெருக்கப்பட்டு, பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லால் போர்த்தப்பட்டு, சாசனங்கள் ‘மகாசேதிய’ என்று குறிப்பிடும் பெருங்கோயிலாக எழுந்தது. அந்தக் கல்லைச் சலவைக்கல் என்றே பலர் எழுதிவிட்டனர். அது சலவைக்கல் அன்று. ஆயினும் உளிக்கு இணங்குவதிலும், மெருகு ஏற்பதிலும், வெயிலில் ஒளிர்வதிலும் சலவைக்கல்லுக்கு அது சிறிதும் இளைத்ததில்லை.

சைத்தியத்தின் அமைப்பை ஒருவாறு மனத்தில் வாங்கிக்கொண்டாலன்றி மேலே சொல்லப்போவது விளங்காது. நடுவே சுமார் 160 அடி விட்டமுள்ள அடித்தளம். அதன்மேல் கவிழ்த்த கலசம் போன்ற அண்டம். அடித்தளத்தின் நான்கு திசைகளிலும் ஆயக மேடைகள். ஒவ்வொரு மேடையின் மீதும் ஐந்து தூண்கள். பகவானுடைய பிறப்பு, துறவு, போதி பெற்றமை, முதல் உபதேசம், பரிநிர்வாணம் ஆகிய ஐந்து நிகழ்ச்சிகளுக்கு அவை அடையாளம் என்பர். இவற்றைச் சுற்றிப் பிரதட்சிணப் பாதை; பாதைக்கு வெளியே, ஆளுயரத்திற்கும் மிக மேலாக ஓங்கிய கல்வேலி. வேலியின் தூண்களில் வெளிப்புறமெல்லாம் பெரும்பாலும் தாமரை, உட்புறமெல்லாம் கதை. வெளியிலிருந்து வருபவன் முதலில் ஒரு தாமரைத் தடாகத்தை அணுகுவதுபோல் அணுகி, வாயிலினுள் நுழைந்து, வலமாக நடக்கத் தொடங்கியதும், இடப்பக்கம் வேலியிலும் வலப்பக்கம் அடித்தளத்துப் பலகைகளிலும் பகவானுடைய சரிதமும் முற்பிறப்புக் கதைகளும் காட்சி காட்சியாக அவனோடு உடன் நடந்து வரும்படி இந்த அமைப்பை வகுத்த ஸ்தபதிகளின் மனத்திட்பத்தை என்னவென்று சொல்வது! இங்கே சிற்பம் நின்று பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. நடந்துகொண்டே பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. இதை நான் முக்கியமாகச் சொல்லக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

இத்தனை பெரிய திருப்பணியை மன்னர் மட்டுமே செய்தனர் என்று எண்ணுவோருக்கு, கற்களின் மீதே பொறித்துள்ள பிராகிருதச் சாசனங்கள் மறுமொழி கூறுகின்றன. வணிகர், இல்லறத்தார், பிக்ஷுக்கள், பிக்ஷுணிகள் என்று பலரும் ஒரு தூண், ஒரு பலகை, ஒரு குறுக்குக் கல் என்று தத்தம் சக்திக்கேற்பக் கொடுத்திருக்கின்றனர். விதிகன் என்னும் சர்மகாரன், தோல் வேலை செய்பவன், நாகன் என்னும் ஆசிரியரின் மகன், தன் தாய், மனைவி, சகோதரர், மக்கள், உற்றார், நண்பர் அனைவருடனும் சேர்ந்து பூர்ணகும்பம் செதுக்கிய பலகை ஒன்றைத் தானம் செய்ததாக ஒரு சாசனம் கூறுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தோல் தொழிலாளி தன் தொழிற்பெயரை மறைக்காமல், அதனோடு தன் தந்தை ஆசிரியர் என்பதையும் சேர்த்து, நாட்டின் தலைசிறந்த ஆலயத்தில் கல்லில் வெட்டுவித்தான் என்னும் செய்தி, அக்காலச் சமுதாயத்தைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணங்களில் பலவற்றை மறுமுறை சிந்திக்கச் செய்வதாகும்.

தமிழருக்கு உரியதாகவும் ஒரு சாசனம் உண்டு. தமிள கண்ஹன் என்பவனும், அவன் தம்பி சூல கண்ஹனும், அவர்கள் சகோதரி நாகாவும் மகாசைத்தியத்திற்கு நிமிர்ந்த பலகை ஒன்றை அளித்ததாக அது தெரிவிக்கிறது. தமிழன் கண்ணன், சின்னக் கண்ணன், நாகை என்று அப்பெயர்களை நம் மொழியில் எளிதாகச் சொல்லிக்கொள்ளலாம். மூவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். தமிழர் என்னும் அடையாளத்தைப் பெயரோடு தாங்கியவர்கள். ஆந்திர தேசத்தின் நதிக்கரையில் ஊராரோடு ஊராராக ஒரு கல் கொடுத்தவர்கள். அதற்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின், பல்லவ அரசன் சிம்மவர்மன் தானியகடகத்திற்கு வந்து புத்த பகவானை வழிபட்ட செய்தியை எண்பட்டைத் தூண் ஒன்றில் வடமொழியில் பொறித்திருக்கின்றனர். அத்தூண் எழும்பூரில் இருக்கிறது. மற்றச் சாசனங்களைப்போல் மேலிருந்து கீழாக அன்றி, கீழ் வரியிலிருந்து மேல் வரிக்கு ஏறிச் செல்லும் முறையில் அதைப் படிக்கவேண்டும்.

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இப்பகுதிக்கு வந்தபோதே விஹாரங்கள் பல வெறிச்சோடிக் கிடந்தன. எனினும் வழிபாடு அடியோடு அற்றுவிடவில்லை. இலங்கையில் கடலாதெனிய என்னும் இடத்தில் 1344-ஆம் ஆண்டைச் சார்ந்த சாசனம் ஒன்று, தர்மகீர்த்தி என்னும் மகாஸ்தவிரர் தானியகடகத்தில் இரண்டு அடுக்குப் பிரதிமாகிருகம் ஒன்றைச் செப்பனிட்டதாகக் கூறுகிறது. ஆகவே பதினான்காம் நூற்றாண்டு வரையிலும், கடல் கடந்து வந்து விளக்கேற்றுவதற்கு இங்கே ஒரு கோயிலும் அதன் நினைவும் இருந்தன. அதற்குப் பிறகு மண் மூடியது. மூடிய மண்ணை ஊரார் தீபாலதின்னெ, அதாவது விளக்கு மேடு, என்று அழைத்தனர்.

மண் மூடியிருந்த வரையில் சைத்தியம் பிழைத்திருந்தது என்பதே இக்கதையின் துயரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்னும் ஜமீன்தார் சிந்தபல்லியிலிருந்து தம் இருப்பிடத்தை இங்கே மாற்றிப் புதிய நகரம் ஒன்றை அமைத்தபோது, கட்டடங்களுக்குக் கல்லும் செங்கல்லும் தேடியவர்கள் மேட்டைத் தோண்டினர். புதையல் இருக்கும் என்ற நம்பிக்கையும் தோண்டுகோலுக்கு வேகம் கொடுத்தது. 1797-ஐ ஒட்டிக் காலின் மெக்கன்ஸி என்னும் கும்பினி உத்தியோகஸ்தர் இங்கு வந்து முதற்குறிப்பு எழுதினார். 1816-இல் அவர் சித்திரக்காரர்களோடும் உதவியாளரோடும் திரும்பி வந்தபோது, மேட்டின் நடுப்பாகம் ஒரு குளமாக வெட்டப்பட்டிருந்தது. கற்களில் பல படித்துறையாயின. பல சூளையில் வெந்து சுண்ணாம்பாயின. மெக்கன்ஸியின் குழுவினர் தீட்டிய சித்திரங்கள் இல்லையேல், அன்று இருந்து இன்று இல்லாமற்போன சிற்பங்களின் உருவம் கூட நமக்குக் கிட்டியிராது.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அழிவின் பழியை ஒரு ஜமீன்தார்மீதும் படிப்பறிவில்லாத கிராமத்தார்மீதும் சுமத்திவிட்டு, பின் வந்த கல்விமான்களை எல்லாம் இரட்சகர்களாகக் கொண்டாடுவது நம் நூல்களில் வழக்கமாகிவிட்டது. உண்மை அவ்வளவு எளியதன்று. மசூலிப்பட்டணத்தில் ராபர்ட்ஸன் என்னும் கலெக்டர், இங்கிருந்து போன சிற்பங்களைப் புதிய சந்தை ஒன்றின் நடுவே அலங்காரமாக நட்டுவைத்தார். 1845-இல் குண்டூரில் அதிகாரம் வகித்த வால்டர் எலியட், தமிழும் தெலுங்கும் கற்ற ஆராய்ச்சியாளர், தாம் தோண்டி எடுத்த கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவை இங்கே ஆண்டுக்கணக்கில் திறந்தவெளியில் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்தன. அவற்றுள் 121 கற்கள் 1859-இல் லண்டனுக்குக் கப்பல் ஏறின. அங்கே, ஒரு வண்டிக்கொட்டகையில் அவை கேட்பாரற்றுக் கிடப்பதைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்கூஸன் 1867-இல் கண்டெடுத்து உலகறியச் செய்தார். இன்று அவை பிரிட்டிஷ் மியூஸியத்தில் கண்ணாடி அறையில் இருக்கின்றன. 1877-இல் ராபர்ட் ஸுவெல் ஒரு பகுதியை அகழ்ந்தார். 1880-இல் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் கட்டளையால் மேடு முழுதும் விரைந்து அகழப்பட்டது. ஒவ்வொரு கல்லும் எந்த இடத்தில், எந்த முகமாக, எதன் பக்கத்தில் இருந்தது என்பதைக் கிரமமாகக் குறித்துக்கொள்ளாமலே கற்கள் வெளியேற்றப்பட்டன. அடுத்த ஆண்டின் இறுதியில் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் பர்ஜெஸ் வந்து பார்த்தபோது, அங்கே இருந்தது ஒரு பெரும் பள்ளமும், அதன் கரையில் கிடந்த கற்களுமே.

ஜமீன்தார் எடுத்தது கல். 1880-இல் இழந்ததோ வரிசை. கல் போனால் அந்தக் கல் ஒன்றுதான் போயிற்று. வரிசை போனபோது, எஞ்சிய கற்கள் அனைத்துமே ஒன்றோடொன்று பேசும் பேச்சை இழந்துவிட்டன. நடந்துகொண்டே பார்க்கவேண்டிய சிற்பம் என்று முன்னே சொன்னேனே, அந்த நடைவரிசையை இனி எவராலும் முழுமையாக மீட்கமுடியாது. இரண்டு இழப்புகளில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதே என்பேன்.

எஞ்சிய கற்களையாவது அங்கேயே விட்டுவைக்கலாகாதா என்று அக்காலத்திலேயே ஒருவர் வாதாடினார். புராதனச் சின்னங்களின் பாதுகாப்பாளராக அரசாங்கம் நியமித்த ஹென்றி கோல், மூலச் சிற்பங்கள் தம் இடத்திலேயே நிற்கவேண்டும், வேண்டுமாயின் வார்ப்புப் பிரதிகள் அருங்காட்சியகங்களுக்குச் செல்லட்டும் என்னும் கொள்கையுடையவர். பர்ஜெஸோ, அங்கே விட்டால் சுண்ணாம்புச் சூளைக்கே போகும் என்று அஞ்சினார். அந்த அச்சத்திற்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆனால் அதே காலத்தில் கோலின் மேற்பார்வையில் சாஞ்சியின் வீழ்ந்த தோரணங்கள் மீண்டும் நிமிர்த்தப்பட்டன. பின்னர் ஜான் மார்ஷல் அப்பணியைப் பூர்த்தி செய்தார். இன்று சாஞ்சிக்குச் செல்பவன் ஸ்தூபத்தையே காண்கிறான். அமராவதிக்குச் செல்பவன் ஸ்தூபம் இருந்த இடத்தைக் காண்கிறான். காவலும் கூரையும் பணமும் கொடுத்திருந்தால் அமராவதியிலும் அது முடிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். பர்ஜெஸ் வென்றார், கற்கள் சென்னைக்கு வந்தன, இங்கே சுவரில் சிமெண்டுச் சாந்து கொண்டு பதிக்கப்பட்டன. அந்தப் பதிப்பே பிற்காலத்தில் கல்லுக்கு நோயாக முடிந்து, ஈரமும் உப்பும் ஏறி மேற்பரப்பு பொரியத் தொடங்கியதைப் பாதுகாப்பாளர்கள் பெருங்கவலையோடு கண்டனர்.

ஆயினும், வந்த கற்கள் வந்தவையே. அவை நம் வாசலில் இருக்கின்றன. எழும்பூரில் நான் நெடுநேரம் நின்றது நளகிரியின் வட்டக்கல் முன்னே. புத்தரைப் பகைத்த தேவதத்தனின் சூழ்ச்சியால் ராஜகிருகத்து வீதியில் ஏவிவிடப்பட்ட மதயானையின் கதை அது. ஒரே வட்டத்துள் சிற்பி அந்த யானையை இருமுறை செதுக்கியிருக்கிறான். இடப்புறம் வெறிகொண்டு வருகிறது; கையில் அகப்பட்ட மனிதனைத் துதிக்கையால் இழுக்கிறது; மக்கள் சிதறுகின்றனர்; மாடத்துச் சாளரங்களிலிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கின்றன; அஞ்சிய பெண்ணொருத்தி பக்கத்தில் இருப்பவரைப் பற்றிக்கொள்கிறாள். வலப்புறம் அதே யானை முழந்தாளிட்டுப் பகவானுடைய திருவடியில் தலையைத் தாழ்த்துகிறது. இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை, தூண் இல்லை. கூட்டத்தின் கூச்சல் எந்த இடத்தில் அடங்கி எந்த இடத்தில் மௌனம் தொடங்குகிறது என்று கண்ணால் தேடினேன். வட்டத்தின் இடப்பக்கத்தில் நெருங்கிச் சாய்ந்து மோதும் உடல்கள், வலப்பக்கம் வர வர நிமிர்ந்து, இடைவெளி விட்டு, கைகூப்புகின்றன. அவ்வளவே. கருணை என்னும் கண்ணுக்குப் புலப்படாத பொருளை, உடல்களுக்கு இடையேயுள்ள வெளியைக் கொண்டே அச்சிற்பி காட்டிவிட்டான்.

இன்னொரு வட்டத்தில் பகவானுடைய பிக்ஷாபாத்திரத்தைத் தேவர்கள் விண்ணுலகிற்குச் சுமந்து செல்கின்றனர். நடுவில் அசையாமல் ஒரு சிறு பாத்திரம், அதைச் சுற்றிச் சுழலும் ஆட்டமும் பாட்டமும். மற்றொரு கல்லில் நான்கு பெண்கள், ஆளில்லாத ஆசனத்தின் முன்னே உள்ள திருவடிச் சுவட்டில் விழுந்து வணங்குகின்றனர். புத்தரை உருவமாகக் காட்டாமல் அடி, ஆசனம், சக்கரம், போதிமரம் என்னும் சின்னங்களால் காட்டிய பழைய மரபும், மனித உருவில் காட்டிய பின்னைய மரபும் இந்த ஒரே தலத்தில் அடுத்தடுத்து நிற்பதைச் சி. சிவராமமூர்த்தி 1942-இல் இச்சிற்பங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக எழுதிய பெருநூலின் துணையோடு பார்ப்பது தனி இன்பம். எழும்பூரில் அமர்ந்து அமராவதியை முழுமையாக வாசித்த அப்பேரறிஞருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

யாத்திரிகனுக்கு எல்லாவற்றினும் உதவியானவை, சைத்தியத்தின் உருவத்தையே சைத்தியத்தின்மேல் செதுக்கிய பலகைகள். வேலி, வாயில்தூண்களின்மீது அமர்ந்த சிங்கங்கள், ஆயக மேடையின் ஐந்து தூண்கள், மாலைகள் சூழ்ந்த அண்டம், மேலே குடைகள், இருமருங்கும் பறந்து வரும் தேவர்கள்: யாவும் ஒரு பலகைக்குள். அப்படிப்பட்ட பலகை ஒன்று லண்டனிலும் உண்டு. அதன் பின்புறத்தில், சில நூற்றாண்டுகள் முந்திய கையால் செதுக்கிய போதிமர வழிபாடு இருக்கிறது. பழைய கல்லைத் திருப்பி வைத்துப் புதிய சிற்பம் செய்திருக்கின்றனர். தங்கள் கோயில் எப்படி இருந்தது என்பதைத் தங்கள் கையாலேயே வரைந்து விட்டுச்சென்ற அந்தச் சிற்பிகளின் செயலால்தான், கோயில் போன பின்னும் கோயிலின் உருவம் நம்மிடம் இருக்கிறது.

அப்பலகையை மனத்தில் எழுதிக்கொண்டு இரண்டாம் முறை கிருஷ்ணைக் கரைக்குச் சென்றேன். மேடு அதே மேடுதான். ஆனால் இம்முறை தெற்குப் பக்கத்து மேடைச் சுவட்டின் எதிரே நின்றபோது ஐந்து தூண்கள் நிற்கவேண்டிய இடம் தெரிந்தது; விளிம்பை ஒட்டி நடந்தபோது இடக்கைப் பக்கம் வேலி ஓங்கிற்று; நளகிரியின் கல் இந்த வட்டத்தில் எங்கோ ஓரிடத்தில் இருந்தது என்ற நினைவே ஒவ்வோர் அடியையும் மெதுவாக்கியது. சென்றமுறை சில நிமிஷங்களில் முடிந்த பிரதட்சிணம் இம்முறை முக்கால் மணிநேரம் ஆயிற்று.

நான் சுற்றியபோது வயது முதிர்ந்த திபெத்தியப் பெண்மணி ஒருவரும் செபமாலை உருட்டியபடி எனக்கு முன்னே சுற்றிக்கொண்டிருந்தார். புத்தர் காலசக்கர உபதேசத்தைத் தானியகடகத்தில் அருளினார் என்பது திபெத்தியர் மரபு. 2006 ஜனவரியில் தலாய் லாமா இங்கே காலசக்கர தீக்ஷை வழங்கியதும் அம்மரபை ஒட்டியே. அந்தப் பெண்மணி எந்த அருங்காட்சியகத்தையும் கண்டு வந்தவராகத் தோன்றவில்லை. வேலியும் தூணும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பக்தியால் வருபவருக்கு அந்த மண்ணே போதும். கலையையும் வரலாற்றையும் நாடி வரும் நம்மைப் போன்றவருக்கோ கல்லும் வேண்டும், மண்ணும் வேண்டும்; இரண்டும் 250 மைலுக்கு மேற்பட்ட இடைவெளியில் பிரிந்து கிடக்கின்றன.

மூலக் கற்கள் அனைத்தும் மீண்டும் மேட்டிற்கே திரும்பும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் வேலி நின்ற வட்டத்தில் நல்ல பிரதிகளை நட்டு, ஒவ்வொன்றின் கீழும் மூலம் எழும்பூரில் உள்ளதா, லண்டனில் உள்ளதா, டில்லியில் உள்ளதா என்று தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் எழுதிவைப்பது செய்யக்கூடிய காரியம், செய்யவேண்டிய காரியமும்கூட. எழும்பூரிலும் ஒவ்வொரு கல்லின் அருகே மேட்டின் வரைபடம் ஒன்று இருக்குமானால், பள்ளிப்பிள்ளைகள் கல்லைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையைக் கேட்பார்கள்.

அதுவரையில், அன்பர்கள் தாங்களே இந்த இரண்டையும் இணைத்துக்கொள்ளவேண்டும். ஒரு பகலை எழும்பூரில் கழித்து, ஸ்தூபப் பலகையைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு, அன்றிரவே சென்ட்ரலில் விஜயவாடா ரயில் ஏறினால் மறுநாள் காலையில் மேட்டில் நிற்கலாம். வெள்ளிக்கிழமையை மட்டும் தவிருங்கள். அன்று எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு விடுமுறை.